ஓய்வு பெறுமுன் செய்ய வேண்டிய வேலை

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

    

பணி ஓய்வும் அதற்குப் பிந்திய பிழைப்பும் என்னும் தலைப்பில் பேசுமாறு நிர்வாகக் குழு பணித்துள்ளது. தலைப்பைக் கேட்டவுடன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நரைத்த தாடிகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இவ்வுரை பெரும்பாலும் உங்களுக்கானது அன்று. பின்வரிசையில், கதவருகில், தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடும் அவசரத்தோடு நின்று கொண்டிருக்கும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுச் சகோதரர்களுக்கே இதை முதலில் சொல்ல விரும்புகின்றோம். ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்னும் கேள்வியை ஓய்வுக்குப் பின் கேட்பவருக்கு விடை கிடைப்பது அரிது. ஐம்பதில் கேட்பவருக்குப் பத்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

ஐந்து நிலைகள் வந்து சேருமுன் ஐந்து நிலைகளைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஆலிம்கள் வாயிலாக நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். முதுமைக்கு முன் இளமை, நோய்க்கு முன் உடல்நலம், வறுமைக்கு முன் செல்வம் என்று வரும் அந்த வரிசையில் ஓய்வும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். நம் பேச்சு வழக்கில் ஓய்வு என்றால் முடிந்துபோன ஒன்று. ‘அவர் ஓய்ந்துவிட்டார்’ என்கின்றோம். அந்த நபிமொழியிலோ ஓய்வு, பயன்படுத்த வேண்டிய ஒரு செல்வமாக எண்ணப்படுகின்றது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாற்றையும் இவ்விடத்தில் நினைவுகூர்கின்றோம். அன்னார் துணி வணிகர். கலீஃபா பொறுப்பு அவர்களிடம் வந்தபோது வயது ஏறத்தாழ அறுபது. நம் அரசு அலுவலகங்களில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும் வயது! பொறுப்பேற்ற மறுநாள் காலையில் வழக்கம்போலத் துணிகளைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள் என்றும், உமர் (ரலி) அவர்கள் வழியில் கண்டு தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பச் செலவுக்கு ஒரு தொகை நிர்ணயிக்கச் செய்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அறுபது வயதில் புதிய பொறுப்பு. ஆயினும் குடும்பத்துக்கான உழைப்பை மறுநாளே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

போடிநாயக்கனூரில் ஓய்வு பெறுவோர் ஒரே வகையினர் அல்லர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. வீடு அடிவாரத்தில், வேலை எல்லைக்கு அப்பால் என்பது அன்று முதல் நம்மில் பலரின் வாழ்க்கை. போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் வரை ஏலத்தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாக, மேஸ்திரியாக, ஸ்டோரில் காய் உலர்த்துபவராக, ஜீப் ஓட்டுநராக உழைத்தோர் ஒரு சாரார். ஊருக்குள் ஏலக்காய் வியாபாரிகளிடம் தரம் பிரித்தல், எடை, மூட்டை, கணக்கு என்று காலம் கழித்தோர் மற்றொரு சாரார். பள்ளி ஆசிரியர், போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், வங்கி என்று சம்பளக்காரர் ஒரு பிரிவு. வளைகுடா சென்று ஐம்பத்தைந்தில் பெட்டியோடு திரும்பியவர்களும் உண்டு.

அரசுப் பணியில் இருப்போருக்கு நாள் தெரியும். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. அதனால் கிடைத்த இரண்டு ஆண்டுகளை எத்தனை பேர் ஆயத்தத்துக்குச் செலவிட்டார்கள் என்பது வேறு கேள்வி. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரவில்லை. அந்தத் தலைமுறை ஓய்வு பெறும் காலம் நெருங்கி வருகின்றது. ‘வாத்தியார் வேலை, கவலை இல்லை’ என்று பெண் கொடுத்த காலத்துக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

தோட்டத்திலும் கடையிலும் உழைத்தோரைப் பற்றியே சற்று விரிவாகப் பேச வேண்டும். அவர்களுக்கு முதல் ஆயத்தம் தொழில் அன்று, காகிதம்.

வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், பத்து ஆண்டுச் சேவை நிறைந்தவருக்கே 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒரு தோட்டத்தில் ஆறு ஆண்டு, பின்னர் வேறு தோட்டத்தில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர் பதின்மூன்று ஆண்டுச் சேவை உடையவர்தாம். ஆனால் இரண்டு கணக்கும் இரண்டு எண்ணில் கிடந்து, ஒன்றோடொன்று மாற்றிச் சேர்க்கப்படாமல் இருந்தால், ஏட்டில் அவர் ஆறு ஆண்டுக்காரர் ஒருவர், ஏழு ஆண்டுக்காரர் ஒருவர்! அத்தோடு அலுவலகம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன.

நம்மவர்க்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர். தோட்டத்து ரைட்டர் மலையாள உச்சரிப்புப்படி எழுதியது ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று. முஹம்மது, முகமது, மொகம்மது என்று தமிழிலேயே மூன்று வகையாக எழுதுகின்றோம். ஆங்கில எழுத்தில் அது எத்தனை வடிவம் எடுக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தாவின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாக நிற்கின்றது. மற்றோர் இடத்தில் விரிந்து நின்று இரண்டாவது பெயராகிவிடுகின்றது. பிறந்த தேதியோ, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது. வேலையில் இருக்கும்போது இவற்றைத் திருத்துவது இலேசு. முதலாளியின் கையொப்பமும் முத்திரையும் அருகிலேயே கிடைக்கும். தோட்டம் கைமாறி, பழைய முதலாளி மறைந்து, பதிவேடு கரையான் அரித்த பின் எவரிடம் போய்க் கையொப்பம் வாங்குவது?

ஓய்வூதியம் பெறுபவர் மறைந்தால் மனைவிக்கு ஒரு பகுதி ஓய்வூதியம் உண்டு. அதற்குத் திருமணச் சான்று கேட்பார்கள். அப்போது நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரைத் தேடி வருகின்றார்கள். தப்தரில் மணமகளின் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், அந்தத் தாய் இத்தா காலம் முடிந்த கையோடு அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டியதாகின்றது. கணவர் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும்போதே சரிசெய்திருக்கக் கூடிய காரியம் இது.

கிடைக்கும் ஓய்வூதியம் பெரிய தொகை அன்று. 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. தோட்டத்தில் உழைத்தோர்க்கு மிகுதியாக வருவது சில ஆயிரம்தான். மருந்துக்கும் பாலுக்கும் சரியாகப் போகும். ஆகவே பணிக்கொடையே அவர்கள் வாழ்நாளில் ஒரே முறை கையில் காணும் மொத்தப் பணம். அதன் கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் கடைசிச் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு 28 ஆண்டுச் சேவை இருந்தால் 2,10,000 ரூபாய் வரும். வைப்பு நிதியும் சேர்ந்தால் சில லட்சங்கள். இந்தச் சில லட்சங்கள் என்ன ஆகின்றன என்பதே நம் பேச்சின் மையம்.

முதலில் மகளின் திருமணம். அடுத்து வீட்டு மாடி. பிறகு ஹஜ். ஹஜ் கடமையைப் பற்றி ஆலிம்கள் இருக்கும் அவையில் நாம் பேசுவது முறையன்று. எனினும், திரும்பி வரும் வரையில் குடும்பத்துக்கான செலவையும் விட்டுச் செல்லும் சக்தி உடையவர்க்கே அது கடமை என்பதை நமக்கு அவர்களே கற்றுத் தந்துள்ளார்கள். திருமணச் செலவைப் பற்றியோ நாம் தாராளமாகவே பேசலாம். முப்பது ஆண்டு மலையேறி இறங்கிய முழங்காலின் கூலியை ஒரே நாள் விருந்தில் கரைப்பதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகின்றது, வரட்டும்.

மீதித் தொகை இருப்பவருக்கு வரும் சோதனை வேறு விதமானது. வட்டி நமக்கு விலக்கப்பட்டது. ஆகவே வங்கியிலும் அஞ்சலகத்திலும் வட்டிக்குப் போட மனம் ஒப்பாதவர்கள் நம்மில் பலர். அது பாராட்டத்தக்க பேணுதல். ஆனால் அந்தப் பேணுதலையே தூண்டிலாக்கிக் காத்திருப்போரும் உண்டு. ‘ஹலாலான முதலீடு, லட்சத்துக்கு மாதம் இவ்வளவு லாபம்’ என்று தொப்பியோடும் தஸ்பீஹோடும் வருகின்றார்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து பணம் திரட்டியது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதன் நிறுவனர் நாட்டை விட்டு வெளியேறினார். ஜூலையில் தில்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அலுவலக வாசலில் ஆவணங்களோடு திரண்டு நின்ற கூட்டத்தில் ஓய்வூதியர்களும் விதவைகளும் இருந்ததை அந்நாளைய பத்திரிகைகளில் படித்தோம்.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. உள்ளூரிலும், அறிந்தவர், உறவினர் என்ற நம்பிக்கையில், எழுத்தில்லாமல் கொடுக்கப்படும் பணம் எவ்வளவு! இரண்டு செய்திகளை மட்டும் இங்கு அழுத்திச் சொல்கின்றோம். கூட்டு வணிகத்தில் பணம் போடுபவர் லாபத்தில் பங்கு பெறுவார். நட்டம் வந்தால் முதலிலும் குறையும். ‘நட்டம் உங்களுக்கு இல்லை, மாதாமாதம் குறித்த தொகை வந்துவிடும்’ என்று ஒருவர் சொன்னால் அது பெயர் மாற்றிக்கொண்ட வட்டியே. மற்றொன்று, திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. ‘எழுதிக் கேட்டால் மச்சான் வருத்தப்படுவார்’ என்பவர் அந்த வசனத்தின் நீளத்தையாவது ஒரு முறை பார்க்க வேண்டும்.

இனி, ஏலக்காயில் பணம் போடுவது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனெனில் இந்த மண்ணில் ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறையேனும் ‘ஒரு துண்டு காட்டைக் குத்தகைக்கு எடுத்தால் என்ன?’ என்று தோன்றும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் புற்றடி ஏலத்தில் ஒரு குவியல் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்திய ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குறைந்திருந்தது அதற்கு ஒரு காரணம். அந்த 7,000 ரூபாயைக் கேட்டு மலைக்கு ஓடியவர்கள் நட்ட கன்று, மூன்றாம் ஆண்டில்தானே காய்க்கும்? 2022ஆம் ஆண்டில் அவை காய்த்தபோது சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையிலோ மழை பொய்த்து இடுக்கி மாவட்டத்தில் பெரும் பரப்பில் ஏலச்செடிகள் கருகின. முப்பது வயதுக்காரர் இந்த ஏற்ற இறக்கத்தில் விழுந்து எழுந்திருக்கலாம். 58 வயதில் குத்தகை எடுத்தவர், முதல் காய் எடுப்புக்கே 61 வயது வரை காத்திருக்க வேண்டும். அதுவரை உரமும் மருந்தும் கூலியும் கைப்பணத்திலிருந்து போகும். விலை சரிந்தால் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் காலம் அவரிடம் இல்லை.

அப்படியானால் ஏலக்காயை விட்டு ஓட வேண்டுமா? நாம் அவ்வாறு சொல்லவில்லை. பணத்தை முதலாகப் போடுவதற்கும் அறிவை முதலாகப் போடுவதற்கும் வேறுபாடு இருக்கின்றது என்கின்றோம்.

முப்பது ஆண்டு தரம் பிரித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். கைநிறையக் காயை அள்ளிக் குலுக்கினால் போதும். சலசலப்பைக் கேட்டே உலர்ந்ததா, ஈரம் நிற்கின்றதா என்று சொல்லிவிடுவார். சல்லடை இல்லாமலே எட்டு மில்லி மீட்டர் காய் எது, ஏழு எது என்று பிரிப்பார். பச்சை நிறம் இயற்கையா, சாயமா என்பதைக் கண்ணால் காண்பார். லிட்டர் எடை என்ன வரும் என்பதை மூட்டை அவிழ்க்கும்போதே கூறுவார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததும் இருப்பதைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை அறிவோம். ஈரக்காயை எடைக்கு விற்கும் இந்நாளில், குவியலுக்குள் கைவிட்டு உண்மை சொல்லும் ஒரு நேர்மையான கைக்கு விலை உண்டா, இல்லையா? வெளியூரில் இருந்து வாங்கும் கடைக்காரருக்கு வேண்டியது அந்தக் கைதான். அவருக்காகப் பார்த்து, தேர்ந்து, சிறு அளவில் பொட்டலமிட்டு அனுப்பும் வேலைக்குக் காடு வேண்டாம், குத்தகை வேண்டாம். நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, வரிப் பதிவு ஆகியவற்றில் தம் வணிகத்துக்கு எவை தேவை என்று முன்பே விசாரித்துக் கொண்டால் போதும். 2010ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுபோன மதுரை – போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15ஆம் நாள் மீண்டும் நம் ஊருக்கு வந்தது. மதுரைக்குச் சென்று வரும் சிறு வணிகருக்கு அது பெரிய உதவி.

ஜீப் ஓட்டுநர் அறுபதில் வளைவுகளில் வண்டி ஓட்டக் கூடாது. கண்ணும் காலும் இடம் தரா. ஆனால் எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதை, எந்த வண்டிக்கு என்ன பழுது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கின்றது. உதிரிபாகக் கடையோ, பழுது பார்க்கும் பட்டறையில் பங்கோ அவருக்குப் பொருந்தும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை நம் ஊரின் பழைய தொழில். தையல் அறிந்த குடும்பத்துக்கு அது ஏற்றது. கணக்கப்பிள்ளைக்கு இன்றைய வரிக் கணக்கு முறையைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும், கற்க மனம் இருந்தால்.

‘இந்த வயதில் கற்பதா?’ என்ற கேள்வி எழும். 2007ஆம் ஆண்டில் நம் ஊர் ஏலத்தில் குரல் போய்க் கணினி வந்ததை இங்கிருக்கும் பலர் கண்டீர்கள். உரக்கக் கூவி விலை கேட்டுப் பழகியவர்கள், திரைக்கு முன் அமர்ந்து விசையை அழுத்த வேண்டியதாயிற்று. கற்றுக்கொண்டார்கள் அல்லவா? கற்காவிட்டால் காய் வாங்க முடியாது என்ற நிலை வந்ததும் வயது ஒரு தடையாக நிற்கவில்லை.

நம் சமுதாயத்தில் புகழ்பெற்ற இருவரின் வாழ்வையும் பார்க்கலாம். நீதியரசர் ஃபாத்திமா பீவி அவர்கள் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்கள். 1992இல், 65 வயதில், ஓய்வு பெற்றார்கள். அதற்குப் பின்னரே தேசிய மனித உரிமை ஆணைய உறுப்பினராகவும், 1997 முதல் 2001 வரை நம் மாநில ஆளுநராகவும் பணியாற்றினார்கள். இராமேசுவரத்தில் படகு உரிமையாளரும் இமாமுமாக இருந்தவரின் மகன் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், 2001ஆம் ஆண்டு இறுதியில் அரசின் அறிவியல் ஆலோசகர் பொறுப்பை விட்டு, எழுபது வயதில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்கள். 2002இல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தது. 2007இல் அது முடிந்ததும் ஓய்வெடுக்கவில்லை. மீண்டும் வகுப்பறைக்கே திரும்பினார்கள். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு முன் உரையாற்றிக் கொண்டிருந்தபோதே அன்னாரின் உயிர் பிரிந்தது.

‘அவர்கள் பெரியவர்கள், நாம் எங்கே’ என்பீர்கள். நாம் சுட்ட விரும்புவது பதவிகளை அன்று. கலாம் அவர்களின் ஆசிரியப் பணி ஓய்வுக்குப் பின் திடீரென்று முளைத்ததன்று. ஆலோசகராக இருந்தபோதே ஊர் ஊராகச் சென்று பள்ளி மாணவர்களைச் சந்தித்து வந்தார்கள். பழைய வேலை இருக்கும்போதே புதிய வேலை தொடங்கிவிட்டது. நம் போடியில் அதையே சிறிய அளவில் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்து கிலோ காய் வாங்கிப் பொட்டலமிட்டு விற்றுப் பார்க்கலாம். நட்டம் வந்தாலும் ஐந்து கிலோவோடு போகும். சம்பளம் அடுத்த மாதம் வரும். ஆசிரியராக இருப்பவர் ஓய்வுக்குப் பின் மாலை வகுப்பு நடத்த எண்ணினால், இப்போதே வாரம் இருநாள் மத்ரஸா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். தம்மால் முடிகின்றதா, பிடிக்கின்றதா என்பது தெரியும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பு தொடங்க வேண்டும் என்பது எம் கணிப்பு. மூன்று ஆண்டு போதும் என்று வாதிடுவோரோடு நமக்குச் சண்டை இல்லை.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்பும் பெண்களும், ஏலக்காய்க் கிட்டங்கிகளில் நாள் முழுதும் குனிந்து காய் பொறுக்கும் பெண்களும் நம் மஹல்லாவில் இருக்கின்றார்கள். அவர்களில் பலருக்கு வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. ஆகவே ஓய்வு பெறும் நாள் என்றும் ஒன்று இல்லை. முழங்கால் மறுக்கும் நாளே ஓய்வு நாள். பார்வை மங்கும் நாளே வேலை முடியும் நாள். ஓய்வூதியத்தைப் பற்றி நாம் மேலே சொன்ன எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்கு நாற்பத்தைந்திலேயே வீட்டோடு செய்யும் வேறு தொழில் வேண்டும். மாவட்டம்தோறும் அரசு அமைத்துள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம், விதவையருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் சுயதொழில் உதவி அளிப்பதற்கென்றே உள்ளது. விண்ணப்பம் எழுதவும் சான்று இணைக்கவும் ஆள் இல்லாமையால் நம் பெண்கள் அதை அணுகுவதில்லை. அந்த ஆள், ஓய்வு பெற்ற நம் எழுத்தர்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

வீட்டுக்குள் நடப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘அத்தா, போதும், இனி வீட்டில் இருங்கள்’ என்று மகன் சொல்வது அன்பினால்தான். ஆறு மாதம் சென்றபின், அதே வீட்டில் ஒவ்வொரு செலவுக்கும் மகனின் முகத்தைப் பார்க்க நேரும்போது அத்தாவின் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகின்றது. அஸர் முதல் இஷா வரை பள்ளித் திண்ணையிலேயே இருப்போரில் சிலர் இபாதத்துக்காக இருக்கின்றார்கள். சிலர் வீட்டில் இருக்க இயலாமல் இருக்கின்றார்கள். வருமானம் சிறிதாயினும், தம் கையால் வந்தது என்னும்போது பேரப்பிள்ளைக்கு மிட்டாய் வாங்கும் கைக்கு ஒரு தனி நிமிர்வு உண்டு. தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்று நபிகளார் சிறப்பித்துச் சொன்னதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கலாம்.

ஜமாஅத்துக்கும் இவர்களின் அறிவு தேவை. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் வக்ஃப் சொத்துகளைப் பதிவேற்ற உமீத் என்னும் வலைத்தளம் திறக்கப்பட்டு, ஆறு மாத அவகாசம் தரப்பட்டபோது, நாடெங்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய பத்திரங்களையும் சர்வே எண்களையும் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தன. வருவாய்த் துறையிலும் பத்திரப் பதிவுத் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் அருமை அப்போது விளங்கியது. எல்லாவற்றையும் ஃபீ ஸபீலில்லாஹ் செய்ய வேண்டும் என்று அவர்களை நாம் நெருக்கக் கூடாது என்பது எம் கருத்து. உழைப்புக்கு உரிய கூலியை ஜமாஅத்தே கொடுத்துப் பழக வேண்டும். இந்தப் பள்ளியில் ஐவேளையும் பாங்கு சொல்லும் மோதினார் அவர்கள் ஓய்வு பெறும்போது கையில் என்ன கொடுக்கப் போகின்றோம் என்பதையும் இதே பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். அதை இன்றைய நிகழ்ச்சி நிரலில் காணவில்லை. சேர்த்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. நிர்வாகக் குழுவின் இசைவோடு, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸா கூடத்தில், வைப்பு நிதி, ஓய்வூதியம், பெயர்த் திருத்தம் ஆகியவற்றில் அனுபவம் உள்ள சகோதரர்கள் அமர்ந்திருப்பார்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வேலை பார்த்த தோட்டங்களின் பெயரும் ஆண்டுகளும் எழுதிய ஒரு தாள், இவற்றை எடுத்து வரவும். நிக்காஹ் தப்தரின் நகல் வேண்டுவோர் திருமணம் நடந்த ஆண்டைக் குறித்து முன்கூட்டியே அலுவலகத்தில் தெரிவித்தால் தேடி எடுத்து வைக்கப்படும். ஐம்பது வயதுக்குட்பட்டோர் வந்தால் முதலில் அவர்களின் காகிதங்களே பார்க்கப்படும். பெண்களுக்குத் தனி இடம் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.